உடும்புப் பிடி

அத்தியாயம் ஒன்பது

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்த மறுநாள் காலையிலாவது நூருன்னிசா அழுதுவிடுவாள் என்று தெம்பனிஸ் வட்டாரமே காத்திருந்தது.

அவள் எழுந்தாள். தொழுதாள். ரொட்டியை வாட்டித் தின்றாள். ரொட்டி அட்டை மாதிரி இருந்தது. முந்தின நாள் நெய்ச்சோறும் அட்டை மாதிரிதான் இருந்தது. நாலு மாதத்துக்கு மேலாக எல்லாமே அட்டைதான். காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்துவிட்டுப் போன மாதிரி, எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் பேச்சுக்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போலக் கேட்டது.

கணவர் ரவூப் மௌத்தான அன்று வீட்டுக்கு வந்து அழுதவர்களின் கண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்திருந்தால், சிங்கப்பூருக்கு ஒரு வாரம் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வாங்கும் தண்ணீரே தேவைப்பட்டிருக்காது. நூருன்னிசா கண்ணில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. பாதிப் பேர் "அதிர்ச்சி" என்றார்கள். மீதிப் பேர் "கல்நெஞ்சு" என்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமையாக உட்கார்ந்தது.

மகள் ஃபஸீலாவுக்குக் குடியிருப்பு பொங்கோலில், ஆபீஸ் தஞ்சோங் பகாரில். ரயிலில் நின்றுகொண்டே தினமும் போன் செய்வாள். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிற்றா என்று தொட்டுப் பார்ப்பதுபோல ஒரே கேள்வி.

"அம்மா, அழுதீங்களா?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"வெங்காயம் அரிஞ்சேன். அதுக்கும் வரல."

"சரி, விடுங்க. இன்னைக்கு எங்கயும் போகாதீங்க. நான் அடுத்த வாரம் லீவு போட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். ரூம் ரெடியா இருக்கு. கடைய மூடிட்டு எங்கூட வந்துடுங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?"

"ஒன் தம்பி கடைக்கு வரச் சொல்லியிருக்கான். ஏதோ மெஷின் வருதாம்."

அந்தப் பக்கம் ரயில் கதவு மூடுகிற சத்தம். பிறகு ஃபஸீலாவின் குரல் இறங்கி வந்தது.

"அந்த மெஷினாம்மா?"

"அந்த மெஷின்தான்."

அந்த மெஷினை அறியாதவர்கள் இந்தக் கொஞ்சத்தை மட்டும் மடியில் முடிந்துகொண்டால் போதும்.

சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு பழைய ஷாப்பிங் சென்டரின் மூன்றாவது மாடியில் ரவூப் நடத்திவந்த ஆர்கேட், அதாவது காசு போட்டு விளையாடும் கடை, 'மூன்லைட் கேம்ஸ்'. கார் ஓட்டுவது, மேளம் அடிப்பது, கூடையில் பந்து போடுவது, பேயைச் சுடுவது என்று வரிசையாக மெஷின்கள். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமையானால் நிற்க இடமில்லாமல் ஒருவன் தோள்மேல் ஒருவன் ஏறி நின்று ஆடினார்கள். அப்புறம் எல்லார் சட்டைப்பையிலும் ஆளுக்கொரு ஆர்கேட் வந்து உட்கார்ந்துகொண்டது. கழிப்பறைக்குப் போன பிள்ளை அங்கேயே ஒரு உலகப்போரை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறது. அது எதற்காக மூன்று மாடி ஏறப்போகிறது? கெட்டுப்போன மெஷினுக்குப் பாகம் கிடைக்கவில்லை. தேடிப்பிடித்துப் பாகம் வந்தபோது மெஷின் இரும்புக்கடைக்குப் போயிருந்தது.

ஊரில் பிழைத்துக்கொண்ட ஆர்கேட்டெல்லாம் ஒரே மருந்தைக் குடித்துத்தான் பிழைத்தன. அதுதான் க்ளா மெஷின். கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைக் குவியல், மேலே தொங்கும் மூன்று விரல் இரும்புக் கை. கையை நகர்த்தி நிறுத்திப் பொத்தானை அமுக்கினால் அது இறங்கிப் பொம்மையைக் கவ்வும். கவ்வினால் உங்கள் பொம்மை.

மகன் இர்ஃபான் அதை வைக்கலாம் என்றான். ரவூப் முடியாது என்றார்.

"காசு போட்டவன் தோத்தா, அவன் கையால தோக்கணும். மெஷின் கையால தோத்தா அது வெளையாட்டில்ல, சூது" என்பது அவர் கட்சி. இது மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று சிராங்கூனுக்கும் கேலாங்குக்கும் நடுவில் உள்ள அத்தனை ஹஜ்ரத்திடமும் கேட்டுவிட்டார். கடைசியில் ரவூப் தலை தெரிந்தாலே பின்வாசல் வழியாகப் போகிற ஹஜ்ரத்துகள் உண்டானார்கள்.

ஒரு புதன்கிழமை காலை, பசியாறுகிற மேசையில், அத்தாவும் மகனும் இதற்காக மோதிக்கொண்டார்கள். "உங்க பிடிவாதந்தான் அத்தா கடையக் கொல்லுது!" என்று இர்ஃபான் கத்தினான். ரவூப் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழவில்லை.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி இர்ஃபான் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது லைசென்ஸ் நூருன்னிசாவின் பெயரில். இருக்கிறீர்களா, காலி செய்கிறீர்களா என்று கட்டட நிர்வாகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. க்ளா மெஷின் வந்தால் கடை இருக்கும். வராவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். தலையாட்ட வேண்டியவள் அவள். புருஷன் சாகும்வரை வேண்டாம் என்று சொன்னதற்கு அவள் சரி என்று சொல்ல வேண்டும்.

அதற்காகத்தான் அன்று வெள்ளிக்கிழமை காலையில், இத்தா கழிந்து முதல் தடவையாகச் செருப்பை மாட்டினாள்.

*

லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கி, படியேறி வெளியே வந்தபோது வெயில் தோசைக்கல்லாகக் காய்ந்தது. பூக்கடையைக் கடக்கும்போது நூருன்னிசா மூச்சை இழுத்துப் பார்த்தாள். மல்லிகை வாசனை வந்தது. வந்து வாசலோடு நின்றுவிட்டது.

கட்டடத்தின் எஸ்கலேட்டர் நின்றிருந்தது. அது ஓடியதைக் கண்ணால் கண்டவர்களெல்லாம் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள். அவள் படியாக நினைத்து ஏறினாள்.

மூன்றாவது மாடியில் இர்ஃபான் காத்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நல்ல நிறம். நாலு மாதத்தில் அந்த உடம்பில் பாதியை யாரோ கரைத்துக் குடித்திருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியை ஒரு போர்வையால் மூடி வைத்திருந்தான்.

"அம்மா, நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க. வேற சேர் இருக்கு."

அவள் போர்வையை எடுத்து நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். இர்ஃபான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. நாற்காலி கொஞ்சம் ஆடியது. காலுக்கு அடியில் அட்டை வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

மெஷின் கம்பெனியிலிருந்து வந்திருந்த பையன் பெயர் திலீப். போட்டிருந்த சென்ட்டைக் கொண்டு ஒரு கல்யாண மண்டபத்தையே மணக்க வைக்கலாம். ஒரு வாயால் பேசி மறு வாயால் மூச்சு விடுகிறவனைப்போல நிறுத்தாமல் பேசினான்.

"ஆன்ட்டி, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம். மெஷின் எங்களுது, பொம்மை எங்களுது, எடம் மட்டுந்தான் உங்களுது. இன்னைக்கு ஒண்ணு ட்ரையல் எறக்கியிருக்கேன். நீங்க ஓகேன்னு ஒரு வார்த்தை சொன்னா, இந்தப் பழைய சாமானெல்லாம் தூக்கிட்டுப் பத்து மெஷின் எறக்கிடலாம்."

பழைய சாமான் என்றதும் இர்ஃபானின் கை அவனை அறியாமல் பக்கத்திலிருந்த கார் மெஷினின் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தது.

வாசலுக்கு நேராகப் புது மெஷின் இளஞ்சிவப்பு விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே நீர்நாய்ப் பொம்மைகள். சிங்கப்பூர் ஆற்றில் நிஜ நீர்நாய்கள் குடும்பம் குடும்பமாக நீந்தத் தொடங்கியதிலிருந்து ஊருக்கே அதன்மேல் ஒரு காதல். திலீப் சாவியைப் போட்டுப் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு குட்டித் திரையும் இரண்டு பொத்தானும்.

"இதுதான் ஆன்ட்டி மூளை."

"இருபதுன்னு போட்டிருக்கே, என்னப்பா அது?"

"அதுவா? அதுதான் எங்க சமையல் ரகசியம்." திலீப் குரலைத் தாழ்த்தினான். தாழ்த்தியதும் இரண்டாவது மாடிக்கு மட்டும் கேட்டது. "பத்தொம்பது தடவை கை சும்மா பிடிக்கும். தூக்கும், மேல போனதும் நழுவ விட்டுடும். இருபதாவது ஆட்டத்துக்குத்தான் உடும்புப் பிடி."

"நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்கு?"

"அவனுக்கும் அதேதான். டர்ன் வரணும்ல?"

"பத்தொம்பது பேரும் தன் கைதான் சரியில்லன்னு நெனச்சுக்குவாங்களா?"

"கரெக்ட்டா புடிச்சீங்க!" திலீப் பூரித்துப் போனான். "'ஐயோ, ஜஸ்ட் மிஸ்ஸு'ன்னு இன்னொரு டோக்கன் போடுவாங்க. அந்த 'ஐயோ'தான் ஆன்ட்டி பிசினஸ்ஸே."

இர்ஃபான் தரையைப் பார்த்தான். "எல்லா எடத்துலயும் இப்படித்தான் லா, அம்மா. நம்ம மட்டும் என்ன செய்ய முடியும்?"

"நான் ஒண்ணும் சொல்லலயேப்பா."

கோபம் வருமா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே விளக்கணைத்த கடைபோல இருந்தது.

ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. இர்ஃபான் டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலுக்கு ஓடினான். திலீப் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டான். "நான் வந்ததும் பதில் சொல்லிடுங்க ஆன்ட்டி!" என்று படியிலிருந்து குரல் வந்தது. சாவி திறந்து கிடந்த சின்னக் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

நூருன்னிசா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே குட்டித் திரை. அதில் இருபது.

கணவர் சொன்ன சொல்லை நெஞ்சில் நிறுத்தி, பிஸ்மி சொல்லி எழுந்தாள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நடந்தது அதுவல்ல. குழாய் சொட்டினால் கை தானாகப் போய்த் திருகுமே, அது மாதிரிதான். எழுந்து போனாள். இரண்டு பொத்தானில் கழித்தல் குறி போட்டதை அமுக்கினாள். பத்தொன்பது. இன்னும் அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். ஒன்று என்று வந்ததும் அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கதவைச் சாத்திச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

*

முதலில் வந்தது பாப்பம்மாள்.

கீழ் மாடியில் ரவிக்கை தைக்கிறவள். நூருன்னிசா இன்று வெளியே வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, கட்டிப்பிடித்து அழுவதற்காகவே முந்தானையைத் தயார் செய்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். கூடவே புடவைக்கடைப் பெண் வைஷாலி, கையில் போனோடு.

"நூரு!" என்று பாப்பம்மாள் கையை விரித்தாள். "எப்படி இருந்த மனுஷன்! போன தீபாவளிக்குக்கூட எங்கிட்ட..."

"உக்காரு பாப்பம்மா. டீ குடிக்கிறியா?"

விரித்த கை அந்தரத்தில் நின்றது. எதிராளி அழாதபோது எத்தனை நேரம்தான் ஒருத்தி தனியாக அழ முடியும்? பாப்பம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். இளஞ்சிவப்பு விளக்குக் கண்ணில் பட்டது.

"இது என்னடி?"

"பொம்மை பிடிக்கிறது. இந்தா டோக்கன். பிடிச்சுப் பாரு."

"எனக்கா? நாப்பது வருஷமா போர்-டி லாட்டரி எடுக்கறேன், ஆறுதல் பரிசுகூட விழுந்ததில்ல. எனக்கு எங்க?" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணல்லவா? ஒரு கண்ணை மூடி, கையை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, நீர்நாயின் வயிற்றுக்கு நேரே நிறுத்தி அமுக்கினாள். இரும்புக் கை இறங்கியது. கவ்வியது. தூக்கியது. நழுவவில்லை. கொண்டுவந்து பெட்டி வாசலில் போட்டது.

"ஐயோ!" என்றாள் பாப்பம்மாள். திலீப் விற்கிற ஐயோ அல்ல, வேறு ஐயோ.

இன்னொரு டோக்கன். இன்னொரு நீர்நாய். மூன்றாவது தடவை கை சற்றுத் தள்ளி நின்றதால் வெறுங்கையோடு ஏறியது. "சீ, நாந்தான் தப்பா நிறுத்திட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு நாலாவது டோக்கன் போட்டு நாலாவது நிமிடம் மூன்றாவது நீர்நாயை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வைஷாலி வீடியோ எடுத்து ஏதோ ஒரு குரூப்பில் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கால் மணி நேரத்தில் அந்த வீடியோவைப் பார்க்காத உயிர் என்று தீவில் மிஞ்சியது பறவைப் பூங்காக் கிளிகள் மட்டும்தான். அவற்றுக்கும் யாராவது காட்டியிருப்பார்கள். வரிசை மூன்று மாடி இறங்கி, சாலையைக் கடந்து, தேக்கா ஈரச்சந்தை மீன்கடை வரிசையோடு போய்க் கலந்தது. பொம்மைக்கு நின்ற ஒரு பெரியவர் அரைக் கிலோ இறாலோடு வீடு போய்ச் சேர்ந்தார். இறால் வாங்க நின்ற சீன அம்மாள் நீர்நாயோடு போனார். இருவருக்கும் மனக்குறை இல்லை.

வரிசையில் நின்றவர்கள் சும்மா நிற்பார்களா? கையில் டோக்கன் இருக்கிறது, பக்கத்தில் கார் இருக்கிறது. கட்டுமான வேலைச் சட்டையோடு வந்த இரண்டு பேர் மேள மெஷினைப் போட்டு அடித்த அடியில் மேல் மாடிக் கணக்காளர் அலுவலகத்தில் கூட்டல் தப்பியது. கல்யாணமாகாத பெண்கள் நாலு பேர் பேயைச் சுட்டார்கள். யார் முகத்தை நினைத்துச் சுட்டார்களோ, ஒன்று தப்பவில்லை. பந்துக் கூடை மாதக்கணக்கில் தூங்கிவிட்டு, தொண்டை கட்டின குரலில் பாடத் தொடங்கியது.

நூருன்னிசா டோக்கன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். போன் அடித்தது.

"அம்மா! நீங்க வீடியோல இருக்கீங்க! எங்க பாஸ் வந்து எனக்கே காட்டறாரு லா!"

"அப்படியா?"

"பின்னாடி எல்லாரும் அந்தக் கத்து கத்துறாங்க, நீங்க மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க!"

"கூட்டமா இருக்கும்மா. அப்புறம் பேசறேன்."

இர்ஃபான் பள்ளிவாசலிலிருந்து திரும்பியவன், வரிசையைக் கண்டு தீப்பிடித்துக்கொண்டதென்று பயந்து இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். வாசலில் நின்றான். மேள மெஷினில் விளக்கு ஓடுவதைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. வாயின் இடது ஓரம் மட்டும் ஏறுகிற சிரிப்பு, அச்சு அசல் ரவூப் சிரிப்பு. அப்புறம் கண்ணாடிப் பெட்டி அவன் கண்ணில் பட்டது. குவியல் குவியலாக இருந்த நீர்நாய்களில் மூலைக்கு நாலைந்துதான் மிச்சம். சிரிப்பு உள்ளே போய்விட்டது.

பின்னாலேயே திலீப், வாயில் பீடாவோடு. மேசைமேல் கிடந்த சாவியைப் பாய்ந்து எடுத்துச் சின்னக் கதவைத் திறந்தான். பீடாவை விழுங்கிவிட்டான்.

"ஒண்ணா! யாரு இதுல கை வெச்சது?"

"நாந்தாம்பா" என்றாள் நூருன்னிசா.

"ஏன் ஆன்ட்டி?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இருபது நெறைய இருந்துச்சு."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். இர்ஃபான் அவளைக் கல்லாவின் ஓரத்துக்குக் கூட்டிப் போனான்.

"என்னம்மா இது? ஒரு வாரத்துக்கு வந்த பொம்மை. மெஷின்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது? ஓசியில குடுத்தா இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்கும் கூட்டம் வரும். நம்ம கடை நடத்துறோமா, கந்தூரி நடத்துறோமா?"

"ஓசி இல்லப்பா. பாப்பம்மா சரியா நிறுத்தினா, வந்துச்சு. அப்புறம் ஒரு பெரியவர் ஆடினாரு. ஆறு தடவையும் தள்ளி நிறுத்திட்டாரு, வரல. சிரிச்சிக்கிட்டே போயிட்டாரு. அவர் கையாலதானே தோத்தாரு."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. இர்ஃபானுக்கு முன்னாலேயே உறைத்திருந்தது. அவன் முகம் வெளுத்தது. கார் மெஷின் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் திரையைப் பார்க்கவில்லை.

*

வரிசையில் நின்றவர்களுக்குப் பயந்து எண்ணைத் தொடாமலே திலீப் வந்து கல்லாவின்மேல் சாய்ந்தான். கோபம் இறங்கி அலுப்பு வந்திருந்தது.

"குடும்பத்துக்கே இதே வேலதானா ஆன்ட்டி? உங்க வீட்டுக்காரரும் இதத்தான் கேட்டாரு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அவங்கள ஒனக்குத் தெரியுமா?"

"போன்லதான்." திலீப் திரும்பி இர்ஃபானின் முதுகைப் பார்த்துக்கொண்டான். இந்தத் தடவை நிஜமாகவே குரல் தாழ்ந்தது. "அவரு தவறின அன்னைக்கு, புதன்கிழம, கடை தெறந்ததும் கூப்பிட்டாரு. 'தம்பி, ஒரு மெஷின் கொண்டா. எம் மகனுக்குச் சொல்லாத. வந்து எறங்கினப்புறம் அவன் மூஞ்சியப் பாக்கணும்'னாரு. 'பிடிய எப்பவும் கெட்டியா வெச்சுத் தருவியா'ன்னாரு. எங்க முதலாளி ஒத்துக்க மாட்டாருன்னேன். அப்புறம், 'சரி, ஒங்க முதலாளி இஷ்டம்போல வை. எனக்கு எம் மகன் இஷ்டந்தான்'னாரு. மறுநா மெஷின லாரியில ஏத்திட்டுப் போன் போட்டா, வேற யாரோ எடுத்து மௌத்துன்னாங்க."

"இர்ஃபானுக்கு..."

"சொல்லல. சொல்லாதன்னாரே. துக்க வீட்டுல போயி யாவாரம் பேசற மாதிரி இருக்குமேன்னு அப்படியே விட்டுட்டேன். நாலு மாசம் கழிச்சு உங்க மகனே என்னையக் கூப்பிட்டப்ப எனக்கு ரோமமெல்லாம் நின்னுடுச்சு ஆன்ட்டி."

நூருன்னிசா தனக்குள்ளே இருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றாள். வரவில்லை.

"திங்கக்கெழம லாரி வரும்" என்றான் திலீப். "ஒண்ணு பத்து மெஷின எறக்கும், இல்ல இந்த ஒண்ண ஏத்திட்டுப் போகும். இருபதுக்குக் கொறஞ்சா எங்க முதலாளி விட மாட்டாரு. நீங்களும் மகனும் பேசி முடிவு பண்ணுங்க."

அவன் போன பிறகும் அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது. தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது.

அத்தா சரி என்று சொல்லிவிட்டார் என்றால் இர்ஃபானுக்கு இன்றே விடுதலை. திங்கட்கிழமை பத்து மெஷின் இறங்கும், கடை நிற்கும். ஆனால் ஹஜ்ரத்துகளை விரட்டிவிரட்டிக் கேட்ட மனுஷன், ஊர் முழுக்கச் சொல் தவறாமைக்கு உதாரணமாகச் சொல்கிற ரவூப் பாய், ஒரு போனில் வளைந்துபோனார் என்றாகும். போகட்டும், செத்தவருக்கு என்ன? இருக்கிறவன் அல்லவா எண்ணுவான். காலையில் கத்தினேன். கத்தியதும் அத்தா போன் செய்தார். செய்துவிட்டுச் செத்தார். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வானே.

சொல்லாவிட்டால்? லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். பொங்கோலில் ஒரு ரூம் இருக்கிறது.

மாலை மக்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் இரும்புக் கை தானாக நின்றுவிட்டது. மதியத்திலிருந்து மூச்சு விடாமல் பிடித்த சூடு. கடைசி நீர்நாயைக் கவ்வித் தூக்கியது, வாசலுக்குக் கொண்டுவருகிற பாதி வழியில் அசையாமல் தொங்கியது. ஆடிக்கொண்டிருந்த பெண் கண்ணாடியைத் தட்டினாள், கும்பிட்டுப் பார்த்தாள், விட்டுவிட்டுப் போனாள். வரிசை கலைந்தது. மேளம் ஓய்ந்தது. பாப்பம்மாள் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்து, "நாளைக்கும் உண்டாடி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள்.

"மூடிடலாம்மா" என்றான் இர்ஃபான். "தொழுதுட்டு வீட்டுக்குப் போவோம்."

அவன் மூலையில் இருந்த மெயின் சுவிட்ச் பலகையைத் திறந்தான். திறந்தவன் அமுக்காமல் நின்றான். பேசியது அவளிடம் அல்ல, அந்தப் பலகையிடம்.

"இன்னைக்கு மேளச் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம், அத்தா உள்ள இருக்காங்கன்னே..." நிறுத்தினான். "நீங்க கஷ்டப்பட வேணாம்மா. லாரி வந்து அத ஏத்திட்டுப் போகட்டும். நான் வேற வேல பாத்துக்கறேன். அத்தா வேணாம்னாங்க. வேணாம்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் அதுக்கும்..."

முடிக்காமல் சுவிட்சைக் கீழே இழுத்தான்.

விளக்குகள் போயின. மெஷின்களின் முனகல் ஒவ்வொன்றாக அடங்கியது. அவசரவழிப் பலகையின் பச்சை வெளிச்சம் மட்டும் மிச்சம்.

தொப்.

நூருன்னிசா திடுக்கிட்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அந்தச் சத்தமும் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து அல்ல, இங்கேயே, காதுக்குள்ளேயே, பஞ்சில்லாமல் கேட்டது. தன் நெஞ்சு அடிப்பதுகூடக் கேட்டது.

"யாரது?"

"பொம்மைம்மா. கரண்ட் போனா கை விட்டுடும்."

அவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விளிம்பு சில்லென்று இருந்தது.

"இர்ஃபான்."

"ம்."

"ஒங்க அத்தா வேணாம்னு சொல்லிட்டுப் போகலப்பா. சரின்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. திலீப்புக்குப் போன் பண்ணி, ஒரு மெஷின் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. ஒனக்குத் தெரிய வேணாம்னு. எறங்கினப்புறம் ஒன் மூஞ்சியப் பாக்கணுமாம்."

பச்சை வெளிச்சத்தில் அவன் முகம் தெரியவில்லை. சுவிட்ச் பலகையின் கதவை அவன் சாத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

எட்டு வயதில் அவனுக்கு இருந்த குரலில் கேட்டான்.

"எப்பம்மா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"நான் சத்தம் போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"